தேங்காயைச் சுற்றி இருவர்

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் நண்பகல். மைசூர் அக்ரஹாரத்தின் குறுந்தெரு ஒன்றில், தன் வீட்டுப் பூசையறை வாயிலில் வடிவு திகைத்து நின்றாள்.

கலைமகள் படத்தின் முன் பலகையிட்டு, மகள் காவேரியின் பாடநூல்கள் ஒருபுறமும், கணவன் அருண்ராஜின் ஸ்பேனர்களும் அளவுகோல்களும் மறுபுறமும் அடுக்கப்பட்டிருந்தன. நடுவில், மஞ்சள் பட்டு போர்த்து, செவ்வந்திச் சரம் சூடி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் துலங்க, கருவறை மூலவரைப் போல வீற்றிருந்தது அவளுடைய மடிக்கணினி.

“ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க.”

அருண்ராஜ் ஸ்கூட்டருக்குக் கட்டவிருந்த வாழைக்கன்றைத் தோளில் சுமந்தபடியே வந்தான். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவன். பொட்டு வைப்பதானாலும் அளந்து வைக்கும் கை.

“என்ன அம்மிணி, நல்லா வந்திருக்குதா? பொட்டு நட்ட நடுவுல வரோணும்னு காலிப்பர் வெச்சுப் பாத்தேன்.”

“என்ர லேப்டாப்ப யாருங்க இங்க வெக்கச் சொன்னது?”

“யாரு சொல்லோணும்? எனக்கு ஸ்பேனரு, உனக்கு அது. போன வருசம் நீ ஜப்பான்ல இருந்த. அதும் உங்கூடவே வந்துருச்சு. பூசை வாங்காத ஆயுதம். இந்த வருசமாச்சும் முறையா வெக்கோணுமில்ல?”

“அதுலதானுங்க படமெல்லாம் இருக்குது. மூணு மணிக்குக் கொழந்தைக வந்துருவாங்க.”

அருண்ராஜின் முகத்தில் இருந்த நிறைவு மெல்ல இறங்கியது. வாழைக்கன்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனும் அந்தப் பட்டுத் துணியைப் பார்த்தான். இருவரில் எவரும் கை நீட்டவில்லை. ஆயுத பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை முடியாமல் எடுப்பதில்லை என்பது, ஹனூரில் சோளமும் மஞ்சளும் விளைவித்த இருவர் குடும்பங்களிலும் கேள்விக்கு அப்பாற்பட்ட வழக்கம். அணுவின் உள்ளறை வரை சென்று வந்த அறிவும் அத்துணியின் ஓரத்தைத் தூக்க அஞ்சியது. அவ்வச்சத்தை எண்ணி வடிவு வெட்கப்படவும் இல்லை.

“போனை மட்டும் ஏன் வெளிய விட்டு வெச்சீங்க? அதும் சேத்து வெச்சிருக்கலாமே.”

“போனு ஆயுதமா? அது சீக்கு.”

சிரித்துக்கொண்டே வடிவு கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு நடக்கவிருந்ததன் வரலாறு இது. வடிவு நகரத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறாள். அதனோடு, அணுக்கருக்களின் அளவை ஆராயும் குழுவொன்றில் மூன்றாண்டுகளாக உறுப்பினர். சென்ற ஆண்டு அக்குழு ஜப்பானில், துகள்களை மிகு வேகத்தில் எறியும் பெரிய முடுக்கியில் சோதனை நடத்தியபோது நாற்பத்திரண்டு நாள் அங்கே தங்கினாள். அவள் திரும்பி வந்த வாரத்தில், இரண்டாம் வகுப்பில் படிக்கும் காவேரியிடம் பள்ளியில் கேட்டார்கள். அம்மா எதற்கு ஜப்பான் போனார்? மிக மிகச் சிறிய ஒன்றைப் பார்ப்பதற்கு. பார்த்தாரா? இல்லை, அதைப் பார்க்க முடியாதாம். வகுப்பே சிரித்தது. பார்க்க முடியாததைப் பார்க்க ஜப்பான் வரை போன அம்மா என்னும் பட்டம், ஓராண்டாகக் காவேரியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது மறு அழைப்பு வந்திருந்தது. மீண்டும் நாற்பத்திரண்டு நாள். வருகிறாளா இல்லையா என்னும் விடையை நவமியன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். இல்லையேல் அவ்விடம் வேறொருவருக்குப் போகும். வடிவு மகளை மடியில் இருத்திச் செய்தியைச் சொன்னபோது, காவேரி அழவில்லை. நிபந்தனை விதித்தாள்.

“நீ என்ன கண்டுபிடிச்சேன்னு எனக்கும் என் ஃப்ரெண்ட்ஸுக்கும் புரியற மாதிரி சொல்லு. புரிஞ்சா போ. புரியலைன்னா போகக் கூடாது. ப்ராமிஸ் மாடு.”

சத்தியம் செய் என்று கன்னடம் கலந்து கேட்டு நீட்டிய அந்தச் சிறிய உள்ளங்கையில் வடிவு அடித்து வாக்குக் கொடுத்தாள். அருண்ராஜ் அன்று சிரித்தான்: “ஏழு வயசுப் புள்ளைகிட்டப் போயி விசா வாங்கற பாரு.” ஆனால் சொன்ன சொல் தவறும் வழக்கம் வடிவுக்கு இல்லை என்பதை அவனும் அறிவான், காவேரி அவனைக் காட்டிலும் நன்றாக அறிவாள்.

முதல் தேர்வு நவராத்திரியின் ஐந்தாம் நாள் நடந்தது. பொம்மை வைக்கும் காலத்தில் மைசூர்க் குழந்தைகள் கூட்டமாகக் கிளம்பி, “கொம்பெ கூர்சிதீரா?” என்று கேட்டபடி வீடுவீடாக ஏறி இறங்குவார்கள். பொம்மை வைத்திருக்கிறீர்களா என்பது கேள்வி. சுண்டல் உண்டா என்பது உட்பொருள். அவ்வாறு வந்த எட்டுப் பேரையும் படிகளின் முன் அமர்த்தி, வடிவு முறையாகத் தொடங்கினாள்.

“எல்லாப் பொருளும் அணுக்களால ஆனது.”

அடுத்த வீட்டு மதன் கையைத் தூக்கினான். எட்டு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. “சுண்டலுமா ஆன்ட்டி?”

“சுண்டலும்தான்.”

“அப்ப அணுவைக் கொடுங்க ஆன்ட்டி, சாப்டுட்டே கேக்கறோம்.”

சுண்டல் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. காவேரி மட்டும் எஞ்சி நின்று, “ஃபெயில்” என்றாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துச் சற்றே இரங்கி, “ரீ-டெஸ்ட் இருக்கு. சரஸ்வதி பூஜை அன்னிக்கு, மூணு மணி” என்றாள்.

அந்த மறுதேர்வுக்காகவே வடிவு இருபத்திரண்டு அசையும் படங்களை உருவாக்கியிருந்தாள். அணு, அதன் நடுவில் கரு, கருவுக்குள் துகள்கள், பிறகு அக்கருவை எறிந்து பார்க்கும் முறை, எல்லாம் படிப்படியாக, அடிக்குறிப்புகளோடு. அவ்வளவும் இப்போது கலைமகளின் காவலில் இருந்தன.

மணி மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் வாசலில் செருப்புகள் உதிரும் ஓசை கேட்டது.

“ஆன்ட்டி, டிவில காட்டுவீங்களா, சுவத்துலயா?” என்று கேட்டுக்கொண்டே மதன் முதலில் நுழைந்தான். பின்னால் ஆறு பேர். எல்லோருக்கும் பின்னால், தன் வீட்டிலேயே விருந்தாளி போல, கைகளைக் கட்டிக்கொண்டு காவேரி.

“படம் இல்ல கண்ணுகளா” என்றாள் வடிவு. “லேப்டாப் பூஜைல உக்காந்துருச்சு.”

குழந்தைகள் பூசையறையை எட்டிப் பார்த்தனர். ஒருவரும் எடுத்து வரும்படி கேட்கவில்லை. அவர்கள் வீட்டு மிதிவண்டிகளும் அன்று அப்படித்தான் பூச்சூடி நின்றன.

“அம்மா, படம் காட்டறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.” காவேரி தாழ்ந்த குரலில் சொன்னாள், அதில் இருந்த கெஞ்சல் வடிவைத் தைத்தது. தாய் தோற்க வேண்டும் என்று மகள் விரும்பவில்லை. இரண்டாம் முறையாகச் சிரிப்புக்கு ஆளாவதற்கு அஞ்சி நின்றாள்.

வடிவு பின்முற்றத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினாள். பூசைக்காக நனைத்துப் பிழிந்த ஊதா நிறச் சேலை, முற்றத்தின் குறுக்கே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்பால், மழைக்கு ஸ்கூட்டரை மூட அருண்ராஜ் வைத்திருந்த தகரம் பின்சுவரில் சாய்ந்து நின்றது. அடுக்களை ஓரத்தில், தெருவிலுள்ள ஸ்கூட்டர்களின் சக்கரங்களுக்கு அடியில் வைப்பதற்கென்று அவன் வாங்கி வந்திருந்த இரண்டு டஜன் எலுமிச்சம்பழங்கள். அருகே ஒரு தேங்காய்.

தன் படங்களில் பதினேழாவதாக வைத்திருந்ததை அவள் நினைத்துக்கொண்டாள். அணு என்றால் என்ன என்று தொடங்கிப் பதினாறு படங்களைத் தாண்டிய பின்னரே, அதை எவ்வாறு அறிந்தார்கள் என்பதற்கு வருவாள். அறிந்த விதம் அல்லவா கதை? கோயிலின் தலபுராணத்தைச் சொல்லாமல் மதில்சுவரின் நீளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது.

“ஏனுங்க” என்று கணவனைத் தனியே அழைத்து, காதில் நான்கு வார்த்தை சொன்னாள். அவன் கண்களை அகலத் திறந்து தலையாட்டிவிட்டு, பக்கச் சந்து வழியாக வெளியே போனான்.

“எல்லாரும் பின்னாடி வாங்க. ஆளுக்கு ரெண்டு மூணு எலுமிச்சம்பழம் எடுத்துக்குங்க.”

“சாப்டவா?” என்றான் மதன்.

“உருட்டறதுக்கு.”

அதன் பிறகு எவரையும் இரண்டாம் முறை அழைக்க வேண்டியிருக்கவில்லை. வடிவு சேலையைக் கீழே இழுத்து, முந்தானை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு விட்டாள். குழந்தைகளை இப்பக்கம் வரிசையாக உட்கார வைத்தாள்.

“சேலைக்குப் பின்னாடி ஒண்ணு வெச்சிருக்கேன். இருபது பழம் உருட்டலாம். தகரத்துல பட்டா ‘டங்’னு கேக்கும். கேட்டா எண்ணுங்க. கேக்கலைன்னா என்ன அர்த்தம்?”

“நடுவுல அது புடிச்சுக்கிச்சு” என்றாள் ஒரு சிறுமி.

“அவ்வளவுதான் ஆட்டம்.”

மதன் அதற்குள் தரையில் மல்லாந்து படுத்து, சேலைக்கு அடியில் கண்ணைச் செலுத்த முயன்றுகொண்டிருந்தான். வடிவு அவன் காலைப் பிடித்து இழுத்தாள். “எட்டிப் பாக்கறது ஆட்டத்துல இல்ல.”

“ஏன் ஆன்ட்டி?”

“நெசமான அது அவ்வளவு சின்னது. யாராலயும் பாக்க முடியாது. நாங்களும் பாக்கல. உருட்டி உருட்டி, எண்ணி எண்ணித்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.”

காவேரி கட்டியிருந்த கைகளை அவிழ்த்தாள். ஒரு பழத்தைப் பொறுக்கிக்கொண்டு வரிசையின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டன. சில நேராகப் போயின; சில எலுமிச்சைக்கே உரிய கோணலோடு வளைந்து போயின. டங், டங், டங். குழந்தைகள் கன்னடத்திலும் தமிழிலுமாகக் கலந்து எண்ணினார்கள். இருபதில் பதினேழு ஒலித்தன, மூன்று ஒலிக்கவில்லை.

“பின்னாடி இருக்கறது பெருசா சின்னதா?”

“சின்னது!” என்று பல குரல்கள். “மூணுதானே தடுத்துச்சு.”

வடிவு சேலையை விலக்கினாள். முற்றத்தின் நடுவில், துணிச் சும்மாட்டின் மேல், தேங்காய் தனியே அமர்ந்திருந்தது. பாராமலே சரியாகச் சொல்லிவிட்டோம் என்று குழந்தைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். வடிவுக்கு அந்தப் பார்வை ஆயிரம் சான்றிதழுக்குச் சமமாக இருந்தது.

“இந்தத் தேங்காய்தான் கரு. ஒம்பது துகள் நெருக்கி அடிச்சுக்கிட்டு உள்ள இருக்குதுன்னு வெச்சுக்குங்க. எல்லா அணுவுக்கும் நடுவுல இப்படி ஒரு கட்டி இருக்கும். பழத்தையெல்லாம் பொறுக்கிக்குங்க. இப்ப மறுபடியும் மூடறேன். இதோட ரெண்டே ரெண்டு சின்னதைச் சேக்கப் போறேன். கண்ண மூடுங்க எல்லாரும்.”

சேலைக்கு அப்பால் பின்கதவு திறந்தது. தெருமுனை மளிகைக் கடை சித்தம்மாவின் இரட்டைப் பெண்கள் கங்காவையும் துங்காவையும் இரு கைகளில் பிடித்தபடி அருண்ராஜ் ஓசையின்றி வந்தான். நான்கு வயதுப் பெண்கள். ஓசை காட்டிக் கொடுத்துவிடக் கூடாதென்று கொலுசுகளைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டிருந்தான். பின்னால், நடப்பது இன்னதென்று அறியாத சித்தம்மா, கடையைப் பாதியில் விட்டு வந்து, வடிவின் காதில் கிசுகிசுத்தாள்.

“ஏன்ரீ வடிவு, எம் பொண்ணுங்க கொலுச ஏன் கழட்டினாரு உங்க யஜமானரு?”

“ஷ்ஷ். ஜோரா ஒரு ஆட்டம் சித்தம்மா, அஞ்சே நிமிஷம்.”

அருண்ராஜ் முற்றத்தின் நடுவே விரலால் பெரிய வட்டமொன்று போட்டுக் காட்டினான். இரட்டையர் தேங்காயை நடுவில் விட்டு, வட்டத்தின் ஓரமாக, பூனைக்குட்டிகளைப் போலச் சந்தடியின்றி ஓடத் தொடங்கினர். வரும் எலுமிச்சையைக் காலால் நிறுத்த வேண்டும் என்பது கட்டளை. அதைவிட இனிய கட்டளையை அவர்கள் வாழ்நாளில் கேட்டதில்லை.

“உருட்டுங்க.”

முதல் பழம் போயிற்று. ஓசை இல்லை. இரண்டாவது, ஓசை இல்லை. மூன்றாவது டங். அதன்பின் வரிசையாக நான்கு பழங்கள் மறைந்தன. சேலைக்குப் பின்னிருந்து அடக்கிய சிரிப்பொன்று கசிந்தது. வடிவு பெரிதாக இருமி அதை மூடினாள். இருபது முடிந்தபோது எட்டு மட்டுமே ஒலித்திருந்தன.

“பன்னிரண்டு நின்னுடுச்சு!” மதன் எழுந்து நின்றுவிட்டான். “ஆன்ட்டி, நீங்க பூசணிக்காய் வெச்சிருக்கீங்க. திருஷ்டிப் பூசணி.”

“ஸ்கூட்டர்” என்றான் மற்றொருவன்.

“அருண் அங்கிள் படுத்துட்டிருக்காரு” என்றாள் சிறுமி.

“ரெண்டு சின்னதுதான் சேத்தேன்” என்றாள் வடிவு.

“சுள்ளு!” பொய் என்று கன்னடத்தில் ஒரே குரலாக எழுந்தது கூச்சல். மதன் கணக்கைத் தெளிவாக வைத்தான். “ரெண்டு சின்னது சேத்தா மூணு நாலாகும், அஞ்சாகும். பன்னிரண்டு எப்படி ஆகும்?”

“அதேதான்” என்றாள் வடிவு. அவள் குரல் தானாக உயர்ந்தது. “இதே கேள்வியத்தான் அவங்களும் கேட்டாங்க. நாப்பது வருசத்துக்கு முன்னாடி, லித்தியம்னு ஒரு அணுவோட கருவை இப்படித்தான் சோதிச்சாங்க. உள்ள மொத்தம் பதினோரு துகள். ஒம்பது இருந்தப்ப சின்னதா இருந்துச்சு. ரெண்டு கூடுனதும் திடீர்னு பெருசா தடுக்குது. எவ்வளவு பெருசுன்னா, இருநூத்திச் சொச்சம் துகள் இருக்கற ஈயத்தோட கரு அளவுக்கு. தப்பா எண்ணிட்டோமோன்னு மறுபடி மறுபடி எண்ணுனாங்க. தப்பு இல்ல.”

உண்மையான சோதனையில் எறியப்பட்டது எது, நின்றது எது என்பது இதற்கு நேர்மாறு என்றோர் அடிக்குறிப்பு அவள் நாக்கின் நுனிக்கு வந்தது. அதை விழுங்கினாள்.

“அப்ப பின்னாடி என்னதான் இருக்கு?” காவேரி கேட்டாள். அன்று அவள் கேட்ட முதல் கேள்வி.

“நீயே போய்த் திற.”

காவேரி சேலையை இரு கைகளாலும் பற்றி ஒரே வீச்சில் ஒதுக்கினாள். நடுவில் அதே தேங்காய். அதைச் சுற்றி, எட்டடி அகல வட்டத்தில், முகமெல்லாம் வியர்த்து, கைகளை விரித்துக்கொண்டு கங்காவும் துங்காவும் ஓடிக்கொண்டிருந்தார்கள். முற்றமெங்கும் எலுமிச்சம்பழங்கள்.

தெருவே அதிரும்படி சிரிப்பு.

“தேங்காய் பெருசாகல” என்றாள் வடிவு, சிரிப்பு தணிந்ததும். “ரெண்டு பேரும் தூரமா சுத்தறாங்க. அதனால மொத்தமும் பெருசாத் தெரியுது. உள்ள வந்து பாருங்க, ஒண்ணு காட்டறேன்.” பூசையறை வாயில் வரை அழைத்துச் சென்று, ஒரு சாணே உயரமுள்ள பித்தளைப் பிள்ளையாரைக் காட்டினாள். பின்னால் அவரைப் போல மூன்று மடங்கு அகலத்துக்குச் சுடர்விட்டு வளைந்திருந்தது திருவாசி. “சாமி சின்னவரு. சுத்தி இருக்கற ப்ரபாவளி எவ்வளவு பெருசு? அது மாதிரி இந்தக் கருவுக்கும் ஒரு ப்ரபாவளி இருக்குது. அதைத்தான் கண்டுபிடிச்சாங்க.”

ஒளியைச் சூடிய உருவை வணங்கிப் பழகிய அந்தக் கண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒரு சிறுமி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எல்லோரும் முற்றத்துக்குத் திரும்பினர். காவேரி மட்டும் தேங்காயையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அவ்வளவு தூரம் போனது ஏன் ஓடிப் போகல? யாரு புடிச்சு வெச்சிருக்கா?”

வடிவு இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. படங்களில் இது இருபதாவது. அங்கே ஒரு சமன்பாடு இருந்தது. என்ன சொல்வதென்று அவள் தேடிக்கொண்டிருக்கையில், அடுக்களைக்குப் போயிருந்த அருண்ராஜ் தாளித்த கடலைச் சுண்டலின் மணம் முற்றத்துக்கு வந்தது. கங்கா ஓட்டத்தை நிறுத்தினாள், மூக்கை உயர்த்தினாள், அடுக்களையை நோக்கிப் பாய்ந்தாள். அவள் கால் வாசற்படியைத் தாண்டுமுன் துங்காவும் வட்டத்தை விட்டுப் பறந்தாள். தேங்காய் தனித்துக் கிடந்தது.

“பாத்தியா! பாத்தீங்களா!” வடிவு கைதட்டிக் குதித்தே விட்டாள். “அதேதான்! ஒண்ணு போனா, இன்னொண்ணும் அந்த நொடியே போயிரும். தேங்காயும் ஒரே ஒரு ஆளும் மட்டும் சேந்து நிக்கவே நிக்காது.”

“தேங்காய் இல்லாம ரெண்டு பேரு மட்டும்?” என்றான் மதன்.

பதிலைச் சித்தம்மா சொன்னாள். “அய்யோ, அத என்ன கேளு. வீட்டுல ரெண்டையும் தனியா விட்டா ஒரு நிமிஷம் ஆகாது. ஒருத்தி முடி இன்னொருத்தி கைல. ஆளுக்கொரு மூலைக்குப் போயிடும்.”

“கருவுலயும் அப்படித்தான்” என்றாள் வடிவு. “அந்த ரெண்டு மட்டும்னா சேராது. ஒண்ணும் தேங்காயும்னா சேராது. மூணும் இருந்தா மட்டும் ஆட்டம் நிக்கும்.”

சித்தம்மா மூக்கில் விரலை வைத்தாள். பிறகு இரக்கம் மேலிட, நல்லதென்று எண்ணியே சொன்னாள்: “நம்ம வீடும் அதே தானேம்மா. அப்பா, அம்மா, பொண்ணு. ஒருத்தரு போயிட்டா மத்தவங்க செதறிப் போயிடுவாங்க. பாவம், போன வருஷம் இந்தக் கொழந்தை...”

இந்த ஒப்புமை எந்த வாயிலிருந்தாவது வந்துவிடும் என்று வடிவு பல நாளாக அஞ்சியிருந்தாள். ஆறு மணிக்கான விடை அந்தக் கணமே எழுதப்பட்டுவிட்டதாகத் தோன்றியது. அடுக்களையிலிருந்து திரும்பியிருந்த அருண்ராஜ் எலுமிச்சம்பழம் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டான்.

“இல்லையே” என்றாள் காவேரி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“அம்மா ஜப்பான் போனப்ப நானும் அப்பாவும் ஓடிப் போகலியே. இங்கயேதான் இருந்தோம். தினமும் உப்புமா சாப்டோம்.”

“தினமும் இல்ல கண்ணு” என்றான் அருண்ராஜ் குனிந்தபடியே. “நடுவுல ரெண்டு நாள் தோசை.”

“கருகின தோசை. ஆனா செதறல.” காவேரி சித்தம்மாவை விட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள். புருவம் நெறிய யோசித்தாள். கணக்குப் போடும்போது செய்வதுபோல நாக்கை உதட்டோரத்தில் நீட்டிக்கொண்டாள். “ஒண்ணு போனா எல்லாம் போயிடும்னு சொன்ன. நாங்க போகல. அப்ப நீயும் போகல. கங்கா மாதிரி சுண்டலுக்கு ஓடல. தூரமா சுத்திட்டு இருந்த. அப்படித்தானே?”

மனிதர்களுக்கும் கருவுக்கும் ஒரே விதி இல்லை என்னும் அடிக்குறிப்பு வடிவின் நாக்கில் மறுபடியும் எழுந்தது. அதையும் விழுங்கினாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

“எவ்வளவு தூரம் போனாலும் சுத்திட்டே இருக்குமா, அந்த ரெண்டும்?”

“தூரம்னு ஒரு அளவு இருக்கும். ஓரளவு தெரியும். சரியாத் தெரியாது.”

“ஏன் தெரியாது? அவங்க நாப்பது வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்கல்ல?”

“ப்ரபாவளி இருக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதோட ஓரம் எங்க முடியுது, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல சுத்துதா, எதிரெதிரா சுத்துதான்னு இன்னும் நல்லா அளக்கோணும்.”

“யாரு அளக்கறது?”

“நாங்கதான். எங்க குழு. அதுக்குத்தான்...”

“அதுக்குத்தான் ஜப்பானா?” காவேரி நீண்ட பெருமூச்சு விட்டாள். ஓராண்டுச் சுமையை இறக்கி வைப்பதுபோல இருந்தது அது. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. சும்மா, பாக்க முடியாதுன்னு மட்டும் சொல்லிட்ட. நான் க்ளாஸ்ல என்ன சொல்லுவேன்?”

“இப்ப என்ன சொல்லுவ?”

“எலுமிச்சம்பழம் எடுத்துட்டுப் போவேன். சேலையும் வேணும். மதன் தேங்காய்.”

“நான் ஏன் தேங்காய்?” என்று பாய்ந்தான் மதன்.

“உன் தலை அப்படித்தான் இருக்கு.”

அந்தச் சண்டை ஓய்வதற்குள் சுண்டல் வந்தது. கையில் தொன்னையோடு காவேரி தன் சபையைச் சுற்றிப் பார்த்தாள். “எல்லாருக்கும் புரிஞ்சுதா? புரிஞ்சவங்க கையத் தூக்குங்க.” தொன்னை இல்லாத கைகள் எல்லாம் உயர்ந்தன. கங்காவும் துங்காவும் இரண்டு கைகளையும் தூக்கினார்கள்; அவர்களுக்குப் புரிந்தது என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. மதன் மட்டும் பாதி தூக்கி நிறுத்தினான்.

“எனக்கு முக்கால்தான் புரிஞ்சுது. இன்னொரு தடவை உருட்டினா முழுசாப் புரியும்.”

அவனுக்காக இன்னும் மூன்று முறை உருட்டினார்கள். இம்முறை தேங்காயைச் சுற்றி ஓட எல்லோரும் முறை வைத்துக்கொண்டனர்.

குழந்தைகள் கலைந்தபோது ஐந்தரை. அருண்ராஜ் அடிபட்ட பழங்களைக் கூடையில் இட்டுக் கவலையோடு பார்த்தான். “தெருவே இத எதிர்பாத்துட்டு இருக்குது. எல்லாம் கன்னிப் போயிருச்சே.”

“சக்கரத்துக்கு அடில நசுங்கறதுக்குத்தானே, மூஞ்சி எப்படி இருந்தா என்ன?” என்று ஒரு கையால் கூடையையும் மறு கையால் கணவன்மார் குலத்தையுமே ஒதுக்கிவிட்டு, சித்தம்மா இரட்டையரைக் கொலுசோடு திரும்பப் பெற்றுக்கொண்டு போனாள்.

வடிவு வாசற்படியில் அமர்ந்து கைப்பேசியை எடுத்தாள். சீக்கு என்று ஒதுக்கப்பட்டதால் தப்பித்த அந்தப் பொருளுக்கு அவள் மனத்தில் நன்றி சுரந்தது. காவேரி வந்து தோளில் மோவாயை வைத்தாள்.

“போடு. வரேன்னு போடு.”

“நெசமாவா கண்ணு?”

“ப்ராமிஸ் ப்ராமிஸ்தான். புரிஞ்சுடுச்சு, என்ன பண்றது?” தோளில் அழுத்தம் கூடியது. “போய் அளந்துட்டு வா. ஆனா தினமும் போன் பண்ணணும். இன்னிக்கு எத்தனை டங் கேட்டுச்சுன்னு எனக்குச் சொல்லணும்.”

“சொல்றேன்.”

“கேக்காத நாளும் சொல்லணும். பொய்க் கணக்கு கூடாது.”

வடிவு இரண்டே வரிகளில் விடையை எழுதி அனுப்பினாள். தெருவில் அருண்ராஜ் பூச்சூடிய ஸ்கூட்டரைக் கிளப்பினான். முன்சக்கரம் கன்னிய எலுமிச்சையின் மேல் மெல்ல ஏறி இறங்கிற்று. காவேரி தாயின் தோளிலிருந்து தலையைத் தூக்கிக் காது கொடுத்தாள்.

“டங் இல்ல” என்றாள். “ஒண்ணு நின்னுடுச்சு.”